ஏப்ரன் கட்டிய விருந்தாளி

எங்கள் சபையில் சனிக்கிழமை சாப்பாடு போடுகிறவர்கள் அந்தச் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. சட்டம் போட்டவர் அங்கிள். சபையின் மூத்த பொறுப்பாளர் அவர். அவரைவிட இரண்டு வயது பெரியவர்கள்கூட அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். "இது இல்லாதவங்களுக்கு சமைச்சது. நமக்கு வீட்ல இருக்கு" என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

எங்களுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. கலிபோர்னியாவில், ஓக்லாண்டில் ஒரு பழைய அமெரிக்கச் சபையின் கட்டடத்தை ஞாயிறு மத்தியானங்களுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். எங்களில் பாதிப் பேர் இங்கே இருக்கும் டப்ளின் பக்கம், மீதிப் பேர் ஃப்ரீமாண்ட். ஃப்ரீவேயில் வந்து, பாடி, ஜெபித்து, பிரியாணி சாப்பிட்டு, ஃப்ரீவேயில் திரும்பிவிடுவோம். கட்டடத்தைச் சுற்றிக் கூடாரங்களிலும் பழைய வேன்களிலும் ஆட்கள் படுத்திருப்பார்கள். அவர்களைப் பார்க்காமல் கார் நிறுத்த எங்கள் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். அந்த அமெரிக்கச் சபையின் போதகர் அம்மாள்தான் ஒரு நாள் கேட்டார்: "சனிக்கிழமை சமையலறை சும்மா கிடக்கிறது. நீங்கள் இவ்வளவு நன்றாகச் சமைக்கிறீர்களே?" அதற்கு இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஊழியம் அப்படித்தான் ஆரம்பித்தது. கர்த்தர் கனவில் சொன்னார் என்கிற தரிசனம் எல்லாம் கிடையாது.

முதலில் பான்கேக் போட்டோம். வெள்ளைக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். வரிசையில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்களே இல்லை. பிறகு உப்புமா கிண்டினோம். அது அப்படியே குப்பைத் தொட்டிக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் எலுமிச்சை சாதம், காரம் குறைத்த கோழிக் குழம்பு, அவித்த முட்டை என்று நிலைத்தது. வேனில் வசிக்கும் ஒரு பெரிய உடம்புக்கார அம்மாள் தூரத்திலிருந்தே ஆங்கிலத்தில் கத்துவார்: "ஷெஃப்! இன்னிக்கு மஞ்சச் சோறு உண்டா இல்லையா? இல்லேன்னா நான் திரும்பிப் போய்ப் படுக்கறேன்!" நான் உண்டு என்று கரண்டியைத் தூக்கிக் காட்டுவேன்.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, வரிசையின் கடைசியில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பதை நெருங்கும் வயது. இஸ்திரி போட்ட சட்டை, மழித்த முகம், தோளில் லேப்டாப் பை. அங்கிள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

"அட, வாங்க வாங்க! தமிழா?"

"ஆமா சார்."

"எந்த ஊரு?"

"திருச்சி."

"எந்த கம்பெனி?"

அவர் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னார்.

"சூப்பர். லைன்ல ஏன் தம்பி நிக்கறீங்க? வாலன்டியர்ஸ் எல்லாம் பின்பக்கமா வரணும். கூச்சப்படாதீங்க, வாங்க!"

கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, ஏப்ரன் கட்டிவிட்டு, சாதக் கரண்டியைக் கையில் கொடுத்தார். அந்த மனிதர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். பக்கத்தில் நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தமிழ் முகம், நல்ல சட்டை, லேப்டாப் பை. அந்த வரிசையில் அவர் சாப்பாட்டுக்காக நிற்கக்கூடும் என்று நினைக்க எங்கள் ஒருவர் மூளையிலும் இடம் இல்லை. தமிழன் என்றால் கரண்டி பிடிக்கிற பக்கம். தட்டு பிடிக்கிற பக்கம் வேறு யாரோ.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். எங்களிலேயே நன்றாகப் பரிமாறியது அவர்தான். ஒவ்வொருவரிடமும் முகம் பார்த்துப் பேசுவார். சாதம் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டு நிற்பார். நாங்கள் எல்லாம் அடுத்தவரைத் தள்ளிவிடும் அவசரத்தில் போடுவோம். முடிந்ததும் அண்டாவைக் கழுவும் வேலையை யாருக்கும் விடமாட்டார். "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று பின்கட்டுக் குழாய்க்குத் தூக்கிக்கொண்டு போவார். நாங்கள் ஏப்ரனைக் கழற்றிவிட்டு டப்ளினில் ஒரு ஓட்டலுக்குத் தோசை சாப்பிடப் போவோம். அவரைக் கூப்பிடுவோம். "இன்னொரு வேலை இருக்கு" என்பார். "ரொம்ப டெடிகேட்டட்" என்று தோசையைப் பிய்த்துக்கொண்டே அங்கிள் சொல்வார்.

எனக்கு ஆஸ்பத்திரி லேபில் இரத்தம் எடுக்கிற வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் முகம்தான் என் பிழைப்பு. பசித்தவன் முகம் எப்படி இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான் அத்தனை வாரங்கள் அவர் பக்கத்தில் நின்று குழம்பு ஊற்றியிருக்கிறேன்.

ஜனவரியில் நல்ல மழை. ஒரு சனிக்கிழமை அரிசி ஊறப்போட நான் முன்னாலேயே போனேன். பின்பக்கம் குப்பைத் தொட்டிகளை ஒட்டி ஒரு கொரோலா கார் நின்றது. கண்ணாடி முழுக்க உள்ளே வேர்த்திருந்தது. முன் கண்ணாடியில் வெயில் மறைப்பு அட்டை. அந்த மழையில் எந்த வெயில்? பக்கக் கண்ணாடியில் கையால் துடைத்திருந்த இடத்தின் வழியே பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஆள், பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு, சின்னக் கண்ணாடியைப் பார்த்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஜன்னலைத் தட்டினேன். திடுக்கிட்டுத் திரும்பியபோது ஒரு கன்னத்தில் சோப்பு நுரை.

"அக்கா... சீக்கிரம் வந்துட்டேன் இன்னிக்கு."

"பொய் சொல்லாதீங்க. கண்ணாடி பூரா உள்ள வேர்த்திருக்கு. ராத்திரி பூரா இங்கதான் இருந்திருக்கீங்க."

அவர் நுரையைத் துடைத்தார்.

"எப்ப கடைசியா சாப்பிட்டீங்க?"

"சாப்பிட்டேன்க்கா."

"எப்பன்னு கேக்கேன்."

"நேத்து காலைல."

உள்ளே கூட்டிப்போய் முட்டை அவித்தேன். ரொட்டி இருந்தது, காபி போட்டேன். அவர் நின்றுகொண்டே தட்டைப் பார்த்தார்.

"வாலன்டியர்ஸ் இங்க சாப்பிடக் கூடாதுன்னு அங்கிள்..."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கிடுக்கியைத் தொட்டியில் எறிந்தேன். அவர் பயந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார வைக்க அதுதான் வழி என்றால் இன்னும் நாலு எறிந்திருப்பேன்.

"பசியோடயா எங்களுக்குக் கரண்டி பிடிச்சீங்க இவ்வளவு நாளும்?"

"அப்படி இல்லக்கா. அண்டா கழுவும்போது அடியில இருக்கும்ல, அதை எடுத்துப்பேன்."

காந்தல். எங்கள் அண்டாவின் காந்தலைச் சுரண்டித் தின்றிருக்கிறார். வேனில் வசிக்கும் அந்த அம்மாளுக்கு மூன்று முட்டை வைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். சந்தோஷம்தான், சாப்பிடட்டும். ஆனால் பக்கத்தில் நின்றவருக்கு ஒன்று வைக்கத் தோன்றவில்லை.

அவர் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். விவாகரத்து. மனைவியும் மகளும் டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில். அதற்கு அப்புறம் வேலை போனது. கையில் இருந்தது மகளுக்கும் வக்கீலுக்கும் போனது. பிறகு அபார்ட்மென்ட் போனது. பொதுநூலகத்தில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பிக்கிறார். திருச்சியில் இருக்கும் அம்மாவை வீடியோ காலில் கூப்பிடுவதும் அங்கிருந்துதான். பின்னால் புத்தக அலமாரி தெரிவதால் ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் அம்மா.

"எங்க வீட்டுக்கு வாங்க. மக காலேஜ் போயிட்டா, ரூம் சும்மாதான் கிடக்கு" என்றேன்.

"வேண்டாம்க்கா. யாருக்கும் தெரிய வேண்டாம். நம்ம ஆளுங்க வட்டம் ரொம்பச் சின்னது. எங்க இன்டர்வியூ போனாலும் யாராவது ஒருத்தருக்கு யாரையாவது தெரிஞ்சிருக்கும். கார்ல படுக்கறவன்னு ஒரு தடவை பேர் வந்துச்சுன்னா அவ்வளவுதான். அம்மா காதுக்கும் போயிடும்."

"யாருட்டயும் சொல்ல மாட்டேன். வாரீங்களா இல்லையா?"

அவர் முன்னாலேயே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். இருபத்தேழு வருஷமாக எனக்கும் சேர்த்து அமைதியாக இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றார்.

"தெரியாது."

போனில் டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அந்த ரூம்ல ஹீட்டர் சரியா வராது. சின்னதா ஒண்ணு தனியா வாங்கணும்" என்றார்.

அன்று சாயங்காலம் திருச்சிக்காரர் என் காரின் பின்னாலேயே தன் காரை ஓட்டி வந்தார். எங்களுடையது டப்ளினில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும் தெரு. காரை வீட்டு முன்னால் தெருவைப் பார்த்து நிறுத்தினார், எந்த நிமிஷமும் கிளம்பலாம் என்பதுபோல. ஒரு பையை மட்டும் உள்ளே எடுத்து வந்தார். மற்றதெல்லாம் காரிலேயே. படுக்கையில் விரித்த போர்வையைக் காலையில் நான் விரித்ததைவிட நன்றாக மடித்து வைத்திருப்பார். குளியலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடக்காது. இரண்டு இட்லிக்கு மேல் வைத்தால் "போதும்க்கா" என்று தட்டைக் கையால் மறைப்பார். வீட்டில் ஒரு ஆள் இருக்கிறார் என்பதே தெரியாமல் இருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் இருக்கிற மனிதன் நாலு இடத்தில் இடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

இரகசியத்தை உடைத்தவர் என் வீட்டுக்காரர். எங்கள் சபையில் எந்த இரகசியமும் வம்பாக வெளியே போகாது, ஜெபக் குறிப்பாகத்தான் போகும். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில், "எங்க வீட்டில தங்கியிருக்கிற பிரதருக்கு வேலை கிடைக்க ஜெபிச்சுக்குங்க" என்று சொல்லியிருக்கிறார், பெயர்கூடச் சொல்லாமல். மனிதருக்குச் சூது தெரியாது. எந்த பிரதர், ஏன் தங்கியிருக்கிறார், வாசலில் நிற்கும் கொரோலாவை எங்கே பார்த்தோம் என்று மறுநாள் காலைக்குள் வாட்ஸ்அப் குழு கண்டுபிடித்துவிட்டது. எல்லோரும் கைகூப்பும் படத்தைப் போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை அங்கிள் என்னைச் சமையலறையில் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. பொய்யான கண்ணீர் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.

"என்ன ஒரு டெஸ்டிமனி சிஸ்டர்! பசியோட நின்னு மத்தவங்களுக்குப் பரிமாறியிருக்கார்! நாளைக்கு ஆராதனைல அவர் தன் வாயாலயே இதைச் சாட்சியா சொல்லணும். சபை கேக்கணும்."

"வேண்டாம் அங்கிள். அவருக்கு இது வெளிய தெரியவே கூடாது."

"இதுல என்ன வெக்கம்? கர்த்தர் பண்ணினதை மறைக்கலாமா?"

"கர்த்தர் ஒண்ணும் பண்ணல, முட்டை அவிச்சது நான். விட்ருங்க."

அங்கிள் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்காரரும் தன் கொரோலாவில் எங்கள் பின்னாலேயே வந்திருந்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை. வீட்டில் தனியாக இருக்கச் சங்கடப்பட்டு, நாற்காலி போட உதவுகிறேன் என்று வருவார். இரண்டாம் பாட்டு முடிந்ததும் அங்கிள் மைக்கை எடுத்தார். ஆராதனை இணையத்தில் நேரலையாகப் போகும். நியூ ஜெர்சியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆட்கள் பார்ப்பார்கள்.

"இன்னைக்கு நமக்கு ஒரு ஸ்பெஷல் சாட்சி. நம்ம சனிக்கிழமை ஊழியத்துல கூடவே நிக்கற ஒரு அருமையான பிரதர், எந்தச் சூழ்நிலையில இருந்து..."

என் பக்கத்தில் இருந்தவரின் முகத்தில் இரத்தம் இல்லை. வயதில் பெரியவர் எல்லோர் முன்னாலும் கூப்பிடும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டார். மைக் அவர் கைக்கு வந்துவிட்டது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் பாட ஆரம்பித்தேன்.

தமிழ் சபையில் யாராவது பாட்டு எடுத்தால் எல்லோரும் சேர்ந்துகொண்டுதான் ஆக வேண்டும். பரிசுத்த ஆவியானவர் ஏவினாரோ என்னவோ என்று ஒரு பயம். அதை நம்பித்தான் எடுத்தேன். என் குரல் சரியிருக்காது. பாடகர் குழுவில் சேர்கிறேன் என்று கேட்டதற்குச் சமையலறைச் சாவியைக் கொடுத்தவர்கள் இவர்கள். அந்த அவசரத்தில் வாயில் வந்தது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. மாதம் பிப்ரவரி. ஒரு வரி தனியாகக் கத்தினேன். இரண்டாம் வரிக்கு என் வீட்டுக்காரர் எழுந்தார். வாழ்நாளில் சத்தமாகப் பாடாத மனிதர், கண்ணை இறுக மூடிக்கொண்டு பாடினார். கீபோர்டு வாசிப்பவர் என் சுருதியைத் தேடித் தேடி, கிடைக்காமல், தன் சுருதியில் ஆரம்பித்தார். பின்வரிசைப் பெண்கள் கை தட்டத் தொடங்கினார்கள். சபை முழுக்க மாட்டுத் தொழுவத்தைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தபோது, அவர் கையிலிருந்த மைக்கை நான் வாங்கி நாற்காலியில் வைத்தேன். எல்லாச் சரணமும் பாடினோம். முடிந்ததும் எங்கள் போதகர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "வேத வாசிப்புக்குப் போவோம்" என்றார். நல்ல மனிதர்.

ஆராதனை முடிந்ததும் அங்கிள் சமையலறைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்ன சிஸ்டர் இது? பிப்ரவரியில கிறிஸ்துமஸா? லைவ்ல எல்லாரும் பாக்கறாங்க. என்னை இப்படி இன்சல்ட் பண்ணணுமா?"

"அங்கிள், அவருக்கு நாம சோறே போடல. போடாத சோத்துக்கு சாட்சி கேக்கீங்களே, இது நியாயமா?"

அவர் அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தானேம்மா அவருக்கு ஏப்ரன் கட்டிவிட்டேன். கையைப் பிடிச்சு லைன்ல இருந்து இழுத்துட்டு வந்தேனே" என்றார்.

எனக்குத் திட்டுவதற்கு இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. ஆனால் எழுபத்தைந்து வயது மனிதர் அரிசி மூட்டையில் அப்படி உட்கார்ந்திருக்கும்போது என்ன திட்டுவது? டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு எழுந்து வெளியே போனார். திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திருச்சிக்காரர் கார் நிறுத்துமிடத்தில் தனியாக நின்றிருந்தார். அங்கிள் பக்கத்தில் போய் நின்றார். மன்னிப்பு எல்லாம் அந்த வயதுக்காரர்களுக்குக் கேட்க வராது.

"தம்பி, சாப்பிட்டீங்களா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நம் ஊரில் யாரும் உண்மை சொல்வதில்லை. ஆச்சு என்பதுதான் பதில். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"இல்ல அங்கிள்" என்றார்.

அங்கிள் உள்ளே வந்து இரண்டு தட்டில் பிரியாணி வாங்கிக்கொண்டு போனார். இரண்டு பேரும் கொரோலாவின் பானெட்டில் தட்டை வைத்துக்கொண்டு நின்றே சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது என்ன பேசினார்கள் என்று தெரியாது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து, பரிமாறுகிறவர்களும் வரிசை முடிந்ததும் அதே மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அங்கிள் புதுச் சட்டம் போட்டார். அவருக்குச் சட்டம் போடாமல் இருக்க முடியாது.

ஆனால் அந்த ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பியதும் திருச்சிக்காரர் பையை எடுத்துக்கொண்டு கூடத்தில் வந்து நின்றார்.

"கிளம்பறேன்க்கா. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே உங்களுக்கும் கஷ்டம்."

"கிளம்புங்க. எங்க?"

அவர் பையைத் தோள் மாற்றினார்.

"குப்பைத் தொட்டி பக்கத்துக்கா? மழை சீசன் இன்னும் முடியலையே."

"நீங்க செஞ்சது போதும்க்கா. எவ்வளவு நாளைக்கு ஒருத்தர் வீட்ல..."

"அதை நாங்கல்லா சொல்லணும்? நாங்க சொல்லலையே. நான் கோவக்காரி, பிடிக்கலேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிருவேன். சபைல பாத்தீங்கள்ல?"

என் வீட்டுக்காரர் சோபாவில் இருந்து எழுந்தார். அவரால்தான் விஷயம் வெளியே போனது என்ற வருத்தம் அவருக்கு இரண்டு நாளாகவே இருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "நாளைக்கு குப்பை வண்டி வரும். குப்பைத் தொட்டிய தெருவுக்குத் தள்ளணும், எனக்கு முதுகு வலி" என்றார். முதுகு வலி பொய். கூடத்தில் நின்றவர் பையைக் கீழே வைத்துவிட்டு, அதைத் தள்ளப் போனார்.

அன்று போகவில்லை. மறுநாள் போய்விடுவாரோ என்று ஆஸ்பத்திரியில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒருவருக்கு இரண்டு முறை ஊசி குத்திவிட்டேன், அவர் என்னை முறைத்தார். மத்தியானம் வீட்டுக்குத் திரும்பித் தெருவில் திரும்பும்போதே பார்த்தேன். கொரோலாவின் டிக்கி திறந்திருந்தது. அவர் சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ஒரு பிரஷர் குக்கர். குளிர் கோட்டுகள். மகள் சின்ன வயதில் வரைந்த படங்கள் ஒரு உறையில். கடைசியாக, துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இது முருகன் படம். அம்மா கொடுத்தது. ரூம்ல வச்சுக்கலாமா? உங்க வீட்ல... தப்பா நினைக்காதீங்க. இல்லேன்னா கார்லயே இருக்கட்டும்."

ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள் நாங்கள். கூடத்தில் வசனம் எழுதிய பலகை தொங்குகிறது. எங்கள் அப்பா பெரிய உபதேசியார். இப்படி ஒரு கேள்வியை என் வீட்டு வாசலில் யாரும் கேட்டதில்லை. ஒரு நிமிஷம் எனக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷமும் அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"எதுக்கு அவர மட்டும் கார்ல விடுதீங்க? குளிருது. உள்ள கொண்டுட்டு வாங்க" என்றேன். "சுவத்துல மட்டும் ஆணி அடிச்சிராதீங்க, எங்க வீட்டுக்காரர் கத்துவாரு. மேசைல வைங்க. ஊதுபத்தி கொளுத்தாதீங்க, ஸ்மோக் அலாரம் அடிக்கும்."

"சரிக்கா" என்று செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் காலை கொளுத்திவிட்டார். ஒரே ஒரு பத்திதான், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான். இருந்தாலும் வீட்டில் இருக்கிற அத்தனை அலாரமும் ஒன்றாகக் கத்தியது. நான் சமையலறையிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு ஆண்களும் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு ஆளுக்கொரு துண்டால் கூரையைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தார்கள். "சாரிக்கா, சாரிக்கா" என்று அவர் கத்தினார். அந்த ரூமில் முதல் முறையாகக் கட்டில் மெத்தை கசங்கி, போர்வை தரையில் கிடந்தது.